கடையத்து ஆச்சி கேட்ட கேள்வி

"குற்றாலத்துக்குப் போகிறேன்" என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். எல்லாருடைய முகமும் மலரும். ஒருவர் எண்ணெய்ப் புட்டியை எடுத்து வைப்பார்; இன்னொருவர், "திரும்பும்போது மங்குஸ்தான் பழம் மறக்காதே!" என்பார். "கடையத்துக்குப் போகிறேன்" என்று நான் சொன்னபோது எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "அங்கே யார் இருக்கிறார்கள்?" என்பதுதான்.

"பாரதியார் இருந்தார்" என்றேன்.

"அது சரி, இப்போது யார் இருக்கிறார்கள்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். நேயர்களே, நீங்களும் கொஞ்ச தூரம் என்னோடு வாருங்கள். டிக்கெட் செலவு என்னுடையது.

திருநெல்வேலி சந்திப்பில் காலை வண்டி ஏறினால், தென்காசி வரையில் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்க மனம் வராது. பேட்டை தாண்டியதும் வயல் தொடங்குகிறது. காருக்குறிச்சி என்ற பெயர்ப் பலகையைப் பார்த்ததும், நாகஸ்வரம் கேட்டுப் பழகிய காதுகள் தாமாகவே நிமிர்ந்து உட்காரும். கல்லிடைக்குறிச்சி வந்ததும் எதிரே இருந்த அம்மாள் அப்பளத்தின் பெருமையைப் பேச ஆரம்பித்து விட்டார். அங்கிருந்து அம்பாசமுத்திரம் போவதற்குள் தாமிரபரணியைக் கடக்கிறோம். பேச்சு தானாக நின்று, வண்டியில் பாதிப் பேர் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அதற்குப் பிறகு மேற்கே மலை நெருங்கி வருகிறது. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு முழம் உயர்ந்துகொண்டே வருவது போல் இருக்கிறது.

அட்டைப் பெட்டிக்குள் ஒரு பிராணி

அம்பாசமுத்திரத்துக்குச் சற்று முன்பு, என் காலடியில் ஏதோ முட்டியது. குனிந்து பார்த்தேன். நாலு விரற்கடை உயரத்தில், சக்கரம் வைத்த ஒரு சிறு பிராணி! வயர்கள் வெளியே தொங்கின. ஒரு சக்கரம் கழன்று பெஞ்சிக்கு அடியில் உருண்டு போயிருந்தது.

"மன்னிச்சிருங்க அக்கா, பெட்டி சரிஞ்சிட்டு" என்று ஒரு பெண் ஓடி வந்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கிறவள். முதல் நாள் திருநெல்வேலியில் நடந்த பள்ளிக் கண்காட்சி ஒன்றில் இந்த ரோபோவை வைத்தார்களாம். இரவு அத்தை வீட்டில் தங்கிவிட்டு, துணைக்கு வந்த ஆச்சியோடு ஊர் திரும்புகிறாள். ஊர் எது? கீழக்கடையத்தில் இறங்கி நடக்கும் தூரம்.

"பரிசு கிடைத்ததா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பாதி வழியில நின்னுட்டுக்கா" என்றாள். அத்தோடு சக்கரத்தை மாட்டுவதில் மும்முரமாகி விட்டாள்.

ஆச்சி பேச்சை எடுத்துக்கொண்டார். வெற்றிலைச் சிவப்பேறிய வாய். விரல் நுனிகள் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தன. நாற்பது வருஷம் பீடி சுற்றிய விரல்கள். தென்காசி, கடையம் பக்கத்துப் பெண்கள் பலருடைய குடும்பத்தை ஓட்டுகிற தொழில் அது. மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும், கையில் நூல். பேசிக்கொண்டே இருப்பார்கள், விரல்கள் மட்டும் தனியாக ஒரு கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

"கறுப்புக் கோடு போட்டா அது மேலயே போகுமாம் தாயி. இதுக்கு மூணு மாசம் ராவும் பகலும் கண்ணு முழிச்சிருக்கா" என்றார் ஆச்சி. பிறகு பேத்தியைப் பார்த்துக் கேட்டார்: "ஏட்டி, இது பீடி சுத்துமா?"

"இது சுத்தாது ஆச்சி. ஆனா சுத்துற மெஷின் செய்யலாம்."

"செஞ்சிட்டா நாங்க எங்க போக?"

பெண் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சிறிய கேள்விதான். ஆனால் இன்றைக்கு உலகத்துப் பெரிய சபைகளில், கோட்டு மாட்டிய கனவான்கள் உட்கார்ந்து விடை தேடுகிற கேள்வியும் இதுதான். அதை ஒரு ஆச்சி, கீழ ஆம்பூர் ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டுவிட்டார்.

இறங்கும்போது அந்தப் பெண் சொன்னாள்: "அக்கா, சாயங்காலம் எங்க தெருவுக்கு வாங்க. சனிக்கிழமை தோறும் நாங்க சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கோம்."

ஒரே வருஷத்தில் இரண்டு சங்கதிகள்

சாயங்காலத்துக்கு நேரம் நிறைய இருந்தது. ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் இருக்கும் வில்வவனநாதர், நித்யகல்யாணி அம்மன் கோயிலுக்குப் போனேன். சுற்றிலும் பாறைகள், காற்றில் சாரல் வாசனை. அம்மன் சந்நிதியில் என்னையும் அர்ச்சகரையும் தவிர, மணிச் சத்தத்துக்குப் பயப்படாத ஓர் அணில் இருந்தது.

இந்தப் பாறைகளில்தான் பாரதியார் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாராம். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே காலெடுத்து வைத்தவரைப் போலீஸார் பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். டிசம்பரில் விடுதலையானதும் வந்து சேர்ந்த இடம் கடையம். மனைவி செல்லம்மாளின் பிறந்த ஊர் அல்லவா? மாப்பிள்ளைக்கு ஊர் கொடுத்த வரவேற்பு அப்படியொன்றும் இனிப்பாக இல்லை. ஜாதி பாராமல் எல்லாரோடும் பழகினார். கழுதைக் குட்டியைத் தூக்கிக் கொஞ்சினார் என்று இன்றைக்கும் கதை சொல்கிறார்கள். அக்கிரகாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்த நிலையிலும் அவருக்கு என்ன யோசனை தோன்றியது தெரியுமா? 1920-ஆம் வருஷம் கடையத்திலிருந்து நண்பர்களுக்கெல்லாம் ஒரு திட்டம் அனுப்பினார். தம் எழுத்துக்களை நாற்பது புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட வேண்டும். மொத்தம் நாலு லட்சம். சாதாரண வீடுகளில் தினம் வாங்குகிற சாமான்களைப் போலப் புத்தகமும் புழங்க வேண்டும் என்பது அவர் ஆசை. அடுப்பில் உலை வைக்க அரிசியில்லாத வீட்டிலிருந்து கிளம்பிய திட்டம் இது! பணம் சேரவில்லை. அந்த வருஷக் கடைசியில் சென்னைக்குப் போனார். 1921 செப்டம்பரில் மறைந்து விட்டார்.

பிறகு நடந்ததை நம் சகோதரிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1922-ல் செல்லம்மாள் 'பாரதி ஆச்ரமம்' என்று ஒன்றை ஏற்படுத்திக் கணவரின் பாடல்களை அச்சிட்டு வெளியிடத் தொடங்கினார். பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாத கடையத்துப் பெண் எடுத்துக்கொண்ட பொறுப்பு அது. 2022-ல் சேவாலயா என்ற தொண்டு நிறுவனம் கடையத்தில் பாரதிக்குச் சிலை எடுத்தபோது, அவரைத் தனியாக நிறுத்தவில்லை. பக்கத்தில் செல்லம்மாளையும் நிறுத்தியிருக்கிறார்கள். ரொம்ப நியாயம்!

பாறையில் உட்கார்ந்திருந்தபோது இன்னொரு சங்கதி நினைவுக்கு வந்தது. பாரதியார் இங்கே திட்டம் தீட்டிய அதே 1920-ல், எங்கோ தொலைவில் செக் நாட்டில் காரெல் சாப்பெக் என்ற எழுத்தாளர் ஒரு நாடகத்தை அச்சிட்டார். மனிதர்களுக்குப் பதிலாக வேலை செய்யச் செயற்கை ஆட்களைத் தயாரிக்கும் தொழிற்சாலை பற்றிய நாடகம். அந்த ஆட்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர் யோசித்தபோது, அண்ணன் யோசெப் சொல்லிக் கொடுத்த பெயர்தான் 'ரோபோ'. செக் மொழியில் அதற்கு மூலமான சொல்லின் பொருள், கூலியில்லாத கட்டாய உழைப்பு. நம் தென் கோடியில் பழைய காலத்தில் 'ஊழியம்' என்றும் 'வெட்டி' என்றும் சொன்னார்களே, அதே கொடுமை.

ஆக, ரோபோ என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு கண்ணீர் இருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமோ, தெரியாதோ! அவள் சனிக்கிழமை தோறும் செய்கிற வேலைக்கும் கூலி கிடையாது. ஆனால் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதைத்தான் நாம் தொண்டு என்கிறோம்.

போனவர், வந்தவர்

கடையத்திலிருந்து பஸ்ஸில் சில நிமிஷம் போனால் ஆழ்வார்குறிச்சி. இங்கே பிறந்தவர் எஸ். அனந்தராமகிருஷ்ணன். சென்னைக்குப் போய் ஸிம்ஸன் கம்பெனியின் தலைமைக்கு உயர்ந்து, டீசல் எஞ்சின், பிஸ்டன், டிராக்டர் என்று தென்னாட்டின் யந்திரத் தொழிலுக்கு அஸ்திவாரம் போட்டவர். 1960-ல் ஆரம்பமான டாஃபே டிராக்டர் கம்பெனியும் அவருடைய ஸ்தாபனங்களில் ஒன்று. 1964-ல் காலமானார்.

சிவசைலத்துப் பரமகல்யாணி அம்மன் பெயரில் அவர் சொந்த ஊருக்குக் கொடுத்த பள்ளியும் கல்லூரியும் இன்றும் இருக்கின்றன. டிராக்டர் வயலுக்கு வந்தபோது ஏர் மாட்டுக்கும் ஏர் பிடித்தவருக்கும் வேலை குறைந்தது உண்மைதான். ஆனால் ஏர் பிடித்தவர் வீட்டுப் பிள்ளை நடந்து போகிற தூரத்தில் ஒரு வகுப்பறையும் எழுந்தது. யந்திரம் செய்தவரே பள்ளியும் வைத்தார் என்பதை ஆச்சியின் கேள்விக்குப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

அங்கிருந்து திரும்பி, ஒரு ஆட்டோ பிடித்துக் கோவிந்தப்பேரிக்குப் போனேன். வழியெல்லாம் நெல்லும் தென்னையும். மயில்கள் நம்மை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. ஆழ்வார்குறிச்சிக்காரர் ஊரை விட்டுப் போய்ச் சாதித்தார் என்றால், இந்தப் பக்கத்துக்கு வந்து சாதித்தவர் ஒருவர் உண்டு. ஜோஹோ கம்ப்யூட்டர் கம்பெனியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு. அந்தக் கம்பெனி 2011-லேயே தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்து விட்டது. பிறகு அவரும் அமெரிக்காவை விட்டு அங்கேயே குடி வந்தார்.

2020-ல் கொரோனா ஊரடங்கின்போது பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. கிராமத்துப் பிள்ளைகள் சிலரைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தாமே பாடம் சொல்ல ஆரம்பித்தார் அவர். ஆறு மாதத்தில் பிள்ளைகள் ஐம்பத்திரண்டு. ஆசிரியர்கள் நாலு பேர். படிப்போடு சாப்பாடும் உண்டு. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரிந்ததுதானே? அந்த முயற்சிதான் கோவிந்தப்பேரியில் கலைவாணி கல்வி மையம் என்ற இலவசப் பள்ளியாக வளர்ந்தது.

"பணக்காரர் செய்யலாம், நம்மால் ஆகுமா?" என்று நீங்கள் கேட்கலாம். ஆகும். அடுத்த வருஷமே, 2021 அக்டோபரில், தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கி, தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லத் தன்னார்வலர்களைக் கூப்பிட்டது. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் பணியாற்றினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத் தொகைக்காக மட்டும் அவ்வளவு பேர் வந்தார்கள் என்று நான் நம்பவில்லை. சொல்லிக் கொடுப்பதில் ஒரு ருசி இருக்கிறது. ஒரு தடவை கண்டவர்களுக்கு அது விடாது.

ஜெயித்த யந்திரத்துக்கு அல்ல பரிசு

பரிசு வாங்காத அந்தப் பெண்ணின் முகம் என் மனத்தை விட்டுப் போகவில்லை. அவளிடம் ஒரு விஷயம் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. உங்களிடம் சொல்கிறேன்.

அமெரிக்காவில் டீன் கேமன் என்பவர் 1989-ல் 'ஃபர்ஸ்ட்' என்று ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து ரோபோ செய்து போட்டி போட வேண்டும். 1992-ல் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் 28 குழுக்களோடு நடந்தது முதல் போட்டி. இன்றைக்கு எத்தனையோ தேசங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அங்கே எல்லாவற்றிலும் பெரிய விருது, ஜெயித்த யந்திரத்துக்குக் கிடையாது. தன் ஊருக்குள் போய், கற்றதைப் பிறருக்குச் சொல்லி, நாலு பேருக்கு உபயோகமாக இருந்த குழுவுக்குத்தான்! இப்போது அதற்கு 'இம்பாக்ட்' விருது என்று பெயர். பாதி வழியில் ரோபோ நின்றுபோன குழுவுக்கும் அந்த விருது வாங்க வழியிருக்கிறது.

விருதை விடுங்கள், ஆப்கானிஸ்தானில் ஹெராத் நகரத்துப் பெண்களின் கதையைக் கேளுங்கள். 2017-ல் வாஷிங்டனில் உலக ரோபோ போட்டி. இந்தச் சிறு பெண்கள் குழுவுக்கு இரண்டு தடவை விசா மறுக்கப்பட்டது. உலகமே கேட்ட பிறகு அனுமதி வந்தது. போனார்கள், துணிச்சலுக்காக வெள்ளிப் பதக்கம் வாங்கினார்கள். ஊர் திரும்பினார்கள். மூன்று வருஷம் கழித்துக் கொரோனா வந்தது. ஹெராத் ஆஸ்பத்திரிகளில் சுவாசக் கருவிகளுக்குத் தட்டுப்பாடு. அந்தக் குழுப் பெண்கள் டொயோட்டா காரின் பாகங்களைக் கொண்டு, குறைந்த செலவில் ஒரு சுவாசக் கருவியைச் செய்து 2020 ஜூலையில் அரசாங்கத்திடம் காட்டினார்கள். விளையாட்டாகக் கற்ற வித்தை, மூச்சுத் திணறியவர்களுக்காகக் கை நீட்டியது. 2021-ல் ஆட்சி மாறியது. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளிக் கதவு சாத்தப்பட்டது. குழுவில் பலர் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. நம் வீட்டுப் பெண் "ஸ்கூலுக்கு நேரமாச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடுகிறாளே, அந்தச் சத்தத்தின் விலை ஹெராத் நகரத்துத் தாய்மார்களுக்குத் தெரியும்.

நம் ஊரிலும் ரோபோ செய்ய வேண்டிய வேலை ஒன்று காத்திருக்கிறது. பாதாளச் சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் மனிதனை இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்த பிறகும், மனிதர்கள் இறங்கினார்கள், இறந்தார்கள். கேரளத்தில் பொறியியல் கல்லூரியில் ஒன்றாகப் படித்த இளைஞர்கள் சேர்ந்து, சாக்கடைக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும் 'பெண்டிகூட்' என்ற ரோபோவை உருவாக்கினார்கள். 2018-ல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு இறங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் கழிவுநீர்த் தொட்டிக்கென்று 'ஹோமோசெப்' என்ற யந்திரம் செய்தார்கள். 2022-ல் அதை யார் பொறுப்பில் ஒப்படைத்தார்கள் தெரியுமா? அந்த வேலையில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் முன்னின்று நடத்தும் சுய உதவிக் குழுக்களிடம். கணவனை விழுங்கிய குழியை இனி யாரும் இறங்காமல் சுத்தம் செய்யும் யந்திரம், மனைவியின் கையில்!

எந்த வேலையை யந்திரம் எடுத்துக்கொள்ள வேண்டும், எதை விட்டு வைக்க வேண்டும் என்று முடிவு செய்வது யார்? யந்திரத்தைப் பற்றித் தெரிந்தவர்கள்தாம். தெரிந்தவர்கள் நகரத்தில் மட்டும் இருந்தால் முடிவும் நகரத்தில்தான் நடக்கும்.

திண்ணையில் ஒரு வகுப்பு

சாயங்காலம் சொன்னபடி தெருவுக்குப் போனேன். வீட்டுத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். அந்தப் பெண்ணோடு அவள் குழுவைச் சேர்ந்த இன்னும் இரண்டு பேர். ஒரு பையன், ஒரு பெண். திண்ணை ஓரத்தில் ஆச்சி சுளகோடு உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்.

2016 முதல் மத்திய அரசின் நிதி ஆயோக், 'அடல் டிங்கரிங்' ஆய்வுக்கூடங்கள் என்று தேர்ந்தெடுத்த பள்ளிகளில் அமைத்து வருகிறது. ஒரு பள்ளிக்கு இருபது லட்ச ரூபாய் வரை மானியம். பத்தாயிரம் பள்ளிகளில் அமைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் நம் நாட்டில் பள்ளிகள் பல லட்சம் இருக்கின்றன அல்லவா? அந்தப் பத்தாயிரத்துக்குள் வராத பள்ளிப் பிள்ளைக்கு, அறிவு வேலிக்கு அந்தப் பக்கம் காய்த்த மாங்காய்தான். அந்த மாங்காயில் சிலவற்றைப் பாவாடையில் கட்டிக்கொண்டு வந்து பங்கு வைப்பதைத்தான் இந்த மூன்று பேரும் செய்கிறார்கள்.

வெள்ளை அட்டைத் தாளைத் தரையில் விரித்து, எலெக்ட்ரீஷியன்கள் ஒட்டுகிற கறுப்பு டேப்பால் வளைந்து வளைந்து ஒரு பாதை ஒட்டினார்கள். பெண் விளக்கினாள்: "இதுக்கு அடியில ரெண்டு கண்ணு இருக்கு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை அது தரையில அடிக்கும். வெள்ளைத் தாள் அதைத் திருப்பி அனுப்பிரும். கறுப்பு முழுங்கிரும். இடது கண்ணுக்குக் கறுப்பு தெரிஞ்சா, இடது சக்கரத்தை நிறுத்தணும். வலது கண்ணுக்குத் தெரிஞ்சா வலது சக்கரத்தை நிறுத்தணும். அவ்வளவுதான்."

பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள். ஆட்டிய விதத்திலேயே புரியவில்லை என்று தெரிந்தது. எனக்கும் முழுவதும் புரியவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். "இடது சக்கரத்தை நிறுத்தினா வண்டி ஏன் இடது பக்கம் திரும்புது?" என்று ஒரு சிறுவன் கேட்டான். அவள் மறுபடி சொன்னாள்; பிறகு இன்னொரு விதமாகச் சொன்னாள். முகம் வாடத் தொடங்கியது. கண்காட்சியிலும் இப்படித்தான் ஆகியிருக்குமோ என்று எனக்குப் பயமாகி விட்டது.

திண்ணை ஓரத்திலிருந்து குரல் வந்தது.

"ஏலே, நெல்லையப்பர் தேர் பாத்திருக்கியாலே?"

"பாத்திருக்கேன் ஆச்சி."

"தேரு ரத வீதி முக்குல எப்படித் திரும்புது? ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போடுவாவல்லா? அந்தச் சக்கரம் நின்னுக்கிடும். மத்தது சுத்திக்கிட்டு வரும். தேரு கட்டை போட்ட பக்கமாத் திரும்பிரும். அதத்தானே அவ சொல்லுதா?"

திண்ணையில் ஒரு நொடி நிசப்தம். அப்புறம், "ஆமா!" என்று பன்னிரண்டு குரல்கள். கேட்ட பையன் எழுந்து, ஒரு காலை ஊன்றி மறு காலால் சுற்றித் தேராகவே மாறிக் காட்டினான். ரோபோவைக் கோட்டில் விட்டார்கள். அது விறுக் விறுக்கென்று நகர்ந்து, வளைவில் தடுமாறி, ஒரு பக்கம் நின்று, மறுபக்கம் சுற்றித் திரும்பியது. "கட்டை போட்டாச்சு! கட்டை போட்டாச்சு!" என்று பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். இந்தத் தடவை அது பாதி வழியில் நிற்கவில்லை.

சொல்லிக் கொடுக்க வந்த பெண் ஆச்சியைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். எத்தனையோ ஆனித் திருநாள் தேர்களைக் கண்ட கண்ணில், அவளுடைய பாடம் முன்பே இருந்திருக்கிறது. இதுவரை யாரும் ஆச்சியிடம் கேட்கவில்லை; அவ்வளவுதான்.

கூட்டம் கலைந்த பிறகு ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ரயிலில் கேட்டீர்களே, பீடி சுற்ற மெஷின் வந்தால் நாங்கள் எங்கே போவது என்று? எனக்குப் பதில் தெரியவில்லை, ஆச்சி" என்றேன்.

ஆச்சியின் விரல்கள் நிற்கவில்லை. "எனக்கும் தெரியாது தாயி. வரத்தான் செய்யும். வந்தா என் மருமவ கஷ்டப்படுவா. ஆனா என் பேத்திக்கு அதோட கண்ணு எங்க இருக்கு, எங்க கட்டை போட்டா நிக்கும்னு தெரிஞ்சிருக்கும்லா? அவளை அது ஏய்க்க முடியாது" என்றார்.

கோட்டுப் போட்ட கனவான்களுக்கு இந்த வாக்கியத்தை யாராவது தந்தி அடித்தால் தேவலை!

சகோதரிகளே, நகரத்தில் உங்கள் வீட்டிலும் ஒரு அட்டைப் பெட்டி இருக்கும். பிறந்த நாளுக்கு வாங்கிக் கொடுத்தது, அல்லது பள்ளியில் பணம் கட்டி வாங்கியது. அதற்குள் மோட்டாரும் சக்கரமும் வயரும் தூங்கிக்கொண்டிருக்கும். "பரிசு வாங்கினாயா?" என்று பிள்ளையிடம் கேட்பது நம் வழக்கம். நானும் ரயிலில் அதைத்தான் கேட்டேன். அடுத்த தடவை, "யாருக்குச் சொல்லிக் கொடுத்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளின் பிள்ளைக்கு ஒரு சனிக்கிழமை அந்தப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். யார் யாருக்குக் கற்றுக் கொடுப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கடையத்துத் திண்ணையில் நான் கண்டது அது.

நான் கிளம்பும்போது, ஏழு வயதிருக்கும் ஒரு சிறுமி மட்டும் போகாமல் நின்றாள். வாசலில் காலையில் போட்ட கோலத்தைக் காட்டி, "அக்கா, இது மேல போகுமா?" என்று கேட்டாள்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கறுப்புத் தரையில் வெள்ளைக் கோடு. எல்லாமே தலைகீழ். "போகும். அதுகிட்டச் சொன்னதைத் திருப்பிச் சொல்லணும். அடுத்த சனிக்கிழமை பாப்போம்" என்றாள் பெண்.

ஆச்சி சுளகைக் கீழே வைத்தார். அன்று முழுவதும் அவர் கை ஓய்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"கோலம் நான் போடுதேன்" என்றார். "புள்ளிக் கோலமா, இழைக் கோலமா? அதச் சொல்லு."